நம்பப்படாத வலி

ஓசூர்ச் சிப்காட்டின் தொழிற்கூடங்களிலும், சூளகிரி, குருபரப்பள்ளி எனக் கிருஷ்ணகிரி வரை நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் எழுந்துள்ள ஆலைகளிலும் உழைக்கிற நம் மக்களுள் பலர், காரணம் புலப்படாத வலியொன்றைச் சுமந்து திரிகின்றனர். முதுகில், கழுத்தில், தலையில், அடிவயிற்றில், ஏன், இல்லாமற்போன விரலிலும்கூட அவர்களுக்கு வலிக்கிறது. அந்த வலியோடு அவர்கள் நான்கு கதவுகளைத் தட்டுகின்றனர். ஆலையில் சூப்பர்வைசரிடம் சொன்னால் 'நடிப்பு' என்கிறார். மருத்துவமனையில் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டு, 'ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை' என்கின்றனர். வீட்டில், 'வேலைக்குப் போகச் சோம்பல்' என்கின்றனர். கடைசியாகச் செபக்கூட்டத்துக்கு வந்தால், 'உன் விசுவாசம் போதாது' என்னும் பதில் கிடைக்கிறது. நான்கு கதவுகளிலும் சொற்கள்தாம் வேறு. பொருள் ஒன்றே: உன்னை நாங்கள் நம்பவில்லை.

இந்நான்கு பதில்களும் தவறானவை என்பதே நம் வாதம். அச்சமும் அவமானமும் வன்முறையும் மனத்தில் விட்டுச்சென்ற காயம், ஆண்டுகள் பல கடந்தபின்னும் உடலில் மெய்யான வலியாகத் தொடரக்கூடும். அவ்வலியை நம்ப மறுப்பவர், அக்காயத்தின்மேல் இன்னொரு காயத்தை உண்டாக்குகிறார். இதை நாம் இரக்கத்தின் பெயரால் மட்டும் சொல்லவில்லை; உண்மையின் பெயரால் சொல்கிறோம். வலிப்பவர் பொய் சொல்லவில்லை. அவர் பொய் சொல்கிறார் என்பவர்களே ஆராயாமல் தீர்ப்பிடுகின்றனர்.

நம் மொழி அறிந்த உண்மை

உடல்வலி வேறு, மனவலி வேறு என்று கறாராகக் கோடு கிழித்துப் பேசுவது நம் தமிழுக்குப் பழக்கமில்லாத ஒன்று. 'நோ' என்னும் ஒரே வேரிலிருந்துதான் உடலின் நோவும் பிறக்கிறது, உள்ளம் நொந்துபோவதும் பிறக்கிறது. வள்ளுவர் காமத்துப்பாலில் பிரிவுத் துயரை 'நோய்' என்றே வழங்குகிறார். இன்றும் நம் தாய்மார்கள் அநீதியைக் கண்டால் 'வயிறு எரிகிறது' என்கின்றனர். விபத்தைக் கேள்விப்பட்டால் 'குலை நடுங்கிப்போயிற்று' என்கின்றனர். கணவன் இறந்த செய்தி கேட்ட பெண் 'இடுப்பொடிந்து உட்கார்ந்துவிட்டேன்' என்கிறாள். இவையெல்லாம் வெறும் அலங்காரச் சொற்கள் என்று எண்ணிவிட வேண்டாம். உள்ளத்தின் துயரை உடல்தான் ஏந்துகிறது என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்தவர்களின் சாட்சியம் அது.

ஈழத்துப் போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் உள்ளங்களில் விளைவித்த சேதத்தை ஆராய்ந்து 1998-இல் நூலாக வெளியிட்டார். குண்டுவீச்சையும் இடப்பெயர்வையும் உறவினரின் இழப்பையும் கண்ட மக்கள் பலர், 'எனக்குத் துயரமாக இருக்கிறது' என்று சொல்லி மருத்துவரிடம் வருவதில்லை. தலைவலி, உடல்வலி, நெஞ்சடைப்பு, உடற்சோர்வு என்றே வருகின்றனர். இத்தகைய உள்ளக் காயத்துக்கு ஈழத்தமிழர் வழங்கும் சொல் 'மனவடு'. பொருத்தமான சொல். புண் ஆறிவிட்டது என்று ஊரார் நினைக்கின்றனர். வடு உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நம் தொழிற்பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் இங்கே திரளாக வாழ்கின்றனர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் இவ்வூரில், அவர்களுடைய துயரைக் கேட்டுப் புரிந்துகொள்ள ஆளில்லை. விரலை நீட்டி 'இங்கே வலிக்கிறது' என்று காட்டுவது ஒன்றே அவர்களால் இயலும். துயரைச் சொல்ல மொழியில்லாதவனுக்கு உடல்தான் மொழி.

மருத்துவ இயல் சொல்வது என்ன?

'ஸ்கேனில் தெரியவில்லை, எனவே வலி இல்லை' என்னும் வாதம் மருத்துவ இயலின் வாதமே அன்று. அது மருத்துவ இயலை அரைகுறையாகக் கற்றவர்களின் வாதம். வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 1979-இல் வகுத்த வரையறையிலேயே, வலி என்பது புலனுணர்வு மட்டுமன்று, உள்ளத்துணர்வும் சேர்ந்த துன்ப அனுபவம் என்று தெளிவுபடுத்தியது. 2020-இல் அவ்வரையறையைத் திருத்தியபோது, தமக்கு வலிக்கிறது என்று ஒருவர் கூறுவதை மதித்து ஏற்க வேண்டும் என்னும் குறிப்பையும் சேர்த்தது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட வலி என்பர். 2022 முதல் நடைமுறைக்கு வந்துள்ள உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், அது தனக்கென ஓர் இடத்தையும் பெற்றுவிட்டது. வேறொரு நோயின் அடையாளமாக மட்டும் அல்லாமல், வலியே ஒரு நோயாக இருக்கக்கூடும் என்று உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. நம் ஊர்க் கிளினிக்குகள் சிலவற்றுக்கு மட்டும் இச்செய்தி இன்னும் வந்துசேரவில்லை.

காயத்தின் அளவுக்கு ஏற்பவே வலி இருக்கும் என்னும் எண்ணமும் தவறு. 1944-இல், இரண்டாம் உலகப் போரின்போது, இத்தாலியின் அன்சியோ கடற்கரையில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் ஒரு வியப்பைக் கண்டார். கடுமையாகக் காயமுற்ற படைவீரர்களுள் பலர் வலி குறைவென்றனர். வலிநீக்கி மருந்து வேண்டாம் என்றனர். அவர்களுக்கு அக்காயம் உயிரோடு வீடு திரும்புவதற்கான அனுமதிச் சீட்டாக இருந்தது. காயம் என்ன பொருள் தருகிறதோ, அது வலியின் அளவையும் மாற்றுகிறது என்று அவர் முடிவுசெய்தார். இதையே திருப்பிப் பாருங்கள். இயந்திரத்தில் கை நசுங்கிய ஒப்பந்தத் தொழிலாளிக்கு அக்காயம் எதன் பொருள்? வேலை போயிற்று, கடன் நிற்கிறது, தங்கையின் திருமணம் தள்ளிப்போயிற்று என்பதன் பொருள். அவனுக்கு வலி மிகுவதில் வியப்பென்ன?

இது நிகழும் முறையையும் அறிஞர்கள் விளக்கியுள்ளனர். 1965-இல் மெல்சாக், வால் என்னும் இருவர், முதுகுத்தண்டில் ஒரு வாயில் போன்ற அமைப்பு இருப்பதாகவும், மூளையிலிருந்து இறங்கிவரும் கட்டளைகள் அவ்வாயிலைத் திறக்கவும் மூடவும் கூடும் என்றும் கூறினர். 1983-இல் கிளிஃபர்ட் வூல்ஃப், தொடர்ந்து தூண்டப்படும் நரம்பு மண்டலம் தானே கூர்மையடைந்துவிடுகிறது என்பதை ஆய்வில் காட்டினார். அதன்பின் மெல்லிய தொடுகையும் வலியாகவே உணரப்படும்.

நம் தொழிலாளருக்குப் புரியும் உவமை ஒன்று சொல்வோம். ஆலையில் புகை கண்டு ஒலிக்கும் எச்சரிக்கை மணி இருக்கிறது. ஒருமுறை பெருந்தீ மூண்டபின், இனி எதையும் தவறவிடக்கூடாதென்று அம்மணியை மிக நுட்பமாகத் திருகி வைத்துவிடுகின்றனர். அதன்பின் யாரோ பற்றவைத்த பீடிப் புகைக்கும் அது அலறுகிறது. தீ இல்லை என்பது உண்மையே. ஆனால் மணி அலறுவதும் உண்மையே. காதை அடைக்கும் அந்த ஒலியைக் கேட்பவனிடம் 'ஒலியே இல்லை, உன் கற்பனை' என்று சொல்வது எவ்வளவு பேதைமை!

பேரச்சத்துக்கு ஆளானவரின் உடலில் நிகழ்வது ஏறக்குறைய இதுவே. உறக்கம் கெடுகிறது. தசைகள் எப்போதும் இறுகி நிற்கின்றன. சிறு ஓசைக்கும் நெஞ்சு படபடக்கிறது. உறங்காத உடலில் வலி மிகுகிறது. மிகுந்த வலி பழைய நிகழ்ச்சியை நினைவூட்டுகிறது. நினைவு அச்சத்தைக் கிளறுகிறது. அச்சம் மீண்டும் தசையை இறுக்குகிறது. செக்குமாடு சுற்றுவதுபோல் இது சுற்றிக்கொண்டே இருக்கும். காயம் பிள்ளைப்பருவத்திலேயே நேர்ந்திருப்பதும் உண்டு. 1998-இல் அமெரிக்காவில் ஃபெலிட்டி, அண்டா ஆகியோர் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து, இளமையில் அடியும் வன்கொடுமையும் புறக்கணிப்பும் கண்டவர்களுக்கு முதிர்ந்த வயதில் பல்வேறு உடல்நோய்கள் மிகுந்து காணப்படுவதைக் காட்டினர். பின்வந்த ஆய்வுகள் நாட்பட்ட வலியிலும் இத்தொடர்பைக் கண்டன.

விரலின் விலை

இனி நம் ஊருக்கு வருவோம். பெரிய ஆலைகளுக்கு உதிரிப்பாகம் செய்து தரும் சிறு பட்டறைகளில் பவர் பிரஸ் என்னும் இயந்திரம் இருக்கிறது. தகட்டை அச்சில் வைத்துக் கையை எடுப்பதற்குள் மேலிருந்து இறங்கினால் விரல் போய்விடும். பாதுகாப்புக் கருவி பொருத்தினால் வேகம் குறையுமென்று அதைக் கழற்றி வைக்கும் பட்டறைகளும் உண்டு. விரல் போனபின், இல்லாத அவ்விரலிலேயே எரிச்சலும் குடைச்சலும் எடுக்கின்றன. இதை அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்தவர்களிடம் கண்ட வெயர் மிட்செல் என்னும் மருத்துவர், 1871-இலேயே இதற்கொரு பெயர் சூட்டி எழுதினார். தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன், 1990-களில் ஒரு சாதாரண நிலைக்கண்ணாடியைக் கொண்டே இவ்வலிக்கு மருத்துவம் செய்ய வழி கண்டார். இருக்கிற கையின் பிம்பத்தை இழந்த கையின் இடத்தில் காணுமாறு செய்தபோது, சிலருக்கு வலி தணிந்தது. இல்லாத உறுப்பு வலிக்கிறது என்பது உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. அப்படியிருக்க, ஸ்கேனில் ஒன்றும் தெரியாத முதுகு வலிக்கிறது என்றால் மட்டும் ஏன் நகைக்க வேண்டும்?

சட்டத்தையும் பார்ப்போம். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரு பட்டியல் உண்டு. கட்டைவிரல் போனால் வருவாய்த் திறனில் 30 விழுக்காடு இழப்பு, ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14, நடுவிரலுக்கு 12. 2025 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இத்தகைய பட்டியலைத் தன்னுள் கொண்டே வந்துள்ளது. விரலுக்கு விலை உண்டு. அவ்விரல் போன நாளிலிருந்து இயந்திர ஓசை கேட்டாலே கை விறைத்துத் தோள்வரை வலியெடுப்பதற்கு அப்பட்டியலில் வரி இல்லை. பட்டியலில் இல்லாத பாதிப்பை மருத்துவர் மதிப்பிடலாம் என்று சட்டம் இடம் தருவது உண்மைதான். ஆனால் நம்பாத மருத்துவர் எதை மதிப்பிடுவார்? விரல் போனதற்குச் சான்று அவன் கையிலேயே இருக்கிறது. வலிக்குச் சான்று அவன் வாய்ச்சொல் ஒன்றே. அதனால்தான் அச்சொல்லை நம்புவது கருணைச் செயலன்று, நீதிச் செயல் என்கிறோம்.

அச்சம் படிந்த நிலம்

நம் எல்லைப்புறத்தில் அச்சத்தின் நினைவுகள் பலவாகப் படிந்துகிடக்கின்றன. 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலை ஒட்டிக் கர்நாடகத்தில் கலவரம் மூண்டபோது, பல்லாயிரம் தமிழர் உடுத்த உடையோடு எல்லை கடந்து ஓடிவந்தனர். 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து ஒன்பது பேர் மாண்டனர். அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று, ஓசூரை அடுத்து எல்லைக்கு அப்பால் உள்ள அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையில் தீப்பிடித்துப் பதினான்குக்கும் மேற்பட்டோர் கருகினர். தீபாவளிக்கு முன் நாலு காசு பார்க்கலாம் என்று தமிழ்நாட்டிலிருந்து போன இளைஞர்கள் அவர்களுள் பலர். மாண்டவர்களை எண்ணிக் கணக்கெழுதினோம். தீக்காயம் பட்டவர்களையும் எண்ணினோம். உயிர் தப்பி வெளியே ஓடிவந்தவர்கள் எண்ணிக்கையில் சேர்வதில்லை. அத்தகையோரில் ஒருவர் ஈராண்டு கழித்து, தீராத தலைவலி என்று மருத்துவரிடம் போனால், 'அன்று என்ன நடந்தது?' என்று கேட்பார் உண்டா?

நம்பப்படாமையின் கொடுமையை அறிய வாச்சாத்தியைக் காட்டிலும் பெரிய சான்று வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியாத காலம் அது. 1992 ஜூன் 20 அன்று, சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள அப்பழங்குடிச் சிற்றூருக்குள், சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் நுழைந்தனர். ஊரைச் சூறையாடினர், மக்களை அடித்தனர், பதினெட்டுப் பெண்களை வன்புணர்வுக்கு உட்படுத்தினர். இவையெல்லாம் கட்டுக்கதை என்றே முதலில் அதிகாரத் தரப்பு மறுத்தது. 2011 செப்டம்பர் 29 அன்றுதான் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேருள் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டை விசாரித்த சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன், 2023 மார்ச் மாதத்தில் அவ்வூருக்கே நேரில் சென்றார். அவ்வாண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனைகளை உறுதிசெய்தார். முப்பத்தோர் ஆண்டுகள்! முப்பத்தோர் ஆண்டுகள் அப்பெண்கள் தங்கள் சொல்லை மெய்யென்று நிறுவ வேண்டியிருந்தது.

வீரப்பனைத் தேடும் வேட்டையின்போது மலைக்கிராம மக்கள் பட்ட சித்திரவதையும் இத்தகையதே. தேசிய மனித உரிமை ஆணையம் 2007-இல் அவர்களுள் 89 பேருக்கு 2 கோடியே 80 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப் பரிந்துரைத்தது. சித்திரவதைக்கு ஆளானோரிடம் பன்னாடுகளிலும் மருத்துவர்கள் கண்டுள்ள பொதுவான முறையீடு, ஆண்டுகள் பல சென்றும் நீங்காத உடல்வலியே. ஆனால் இத்தகைய பெருங்கொடுமைகளை மட்டுமே கருதி நின்றுவிடக்கூடாது. நான்கு சுவருக்குள் ஒவ்வோர் இரவும் கணவனின் அடிக்கு அஞ்சும் மனைவியின் இடுப்புவலிக்கும், மேலாளனின் தகாத பேச்சைச் சகித்துக்கொண்டு இரவு ஷிப்ட் முடித்து விடுதிக்குத் திரும்பும் இளம்பெண்ணின் ஒற்றைத் தலைவலிக்கும் நீதிமன்றம் ஏது, ஆணையம் ஏது?

சிலுவையைக் காட்டி வாயடைப்பதா?

நான்காம் கதவைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். ஏனெனில் அது நம் வீட்டுக் கதவு. இங்கே இருவகைப் பேச்சுகள் நம் மக்களைக் காயப்படுத்துகின்றன.

ஒன்று, 'சிலுவையை ஏற்றுக்கொள், ஒப்புக்கொடு' என்னும் பேச்சு. தாமாக விரும்பித் தம் துன்பத்தைக் கிறிஸ்துவின் துன்பத்தோடு சேர்த்து ஒப்புக்கொடுப்பவரை நாம் வணங்குகிறோம். ஆனால் பிறன் முதுகில் ஏற்றப்பட்ட பாரத்தைப் பார்த்து, 'அது உன் சிலுவை' என்று நாம் பெயர் சூட்டுவதற்கு யார் உரிமை தந்தது? குடிகாரக் கணவனின் அடியும், பாதுகாப்பற்ற இயந்திரமும் இறைவன் தந்த சிலுவைகள் அல்ல. மனிதர் செய்த குற்றங்கள். கல்வாரிப் பாதையில் இயேசுவுக்கே சிலுவை சுமக்கத் துணை தேவைப்பட்டது. சீரேன் ஊர்ச் சீமோன் தோள் கொடுத்தார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், துன்பத்தின் மீட்புப் பொருள்பற்றி 1984 பிப்ரவரியில் எழுதிய திருத்தூது மடலை நல்ல சமாரியரிடம் கொண்டுவந்தே முடிக்கிறார் என்பதை, அம்மடலை மேற்கோள் காட்டுவோர் மறந்துவிடக்கூடாது. துன்புறுபவனைக் கண்டவன் நின்று, குனிந்து, காயம் கட்ட வேண்டும். வழியோரம் கிடந்தவனுக்குப் பொறுமையைப்பற்றி உபதேசித்துவிட்டுப் போனவரல்லர் சமாரியர்.

மற்றொன்று, குணமளிக்கும் கூட்டங்கள் சிலவற்றில் கேட்கும் பேச்சு. 'இப்போது யாருக்கோ முதுகுவலி நீங்குகிறது, கையை உயர்த்துங்கள்' என்று மேடையிலிருந்து குரல் வருகிறது. செபம் குணம் தரும் என்பதை நாம் மறுக்கவில்லை. நோயில்பூசுதலை வழங்கும் திருச்சபை அதை எப்படி மறுக்கும்? நாம் கேட்பது ஒன்றே: கை உயர்த்தாதவர்களைப் பற்றி அம்மேடை என்ன சொல்கிறது? 'விசுவாசக் குறைவு', 'மன்னிக்காத பாவம்', 'முன்னோர் சாபம்' என்கிறதே! ஏற்கெனவே வன்செயலால் ஒடிந்தவளிடம் 'உன் வலிக்கு நீயே காரணம்' என்று சொல்வதும், அவளை அடித்தவன் சொன்னதும் எவ்வகையில் வேறுபடுகின்றன? தன்னை வதைத்தவனை உடனே மன்னித்தால்தான் வலி நீங்கும் என்று அவளைக் கட்டாயப்படுத்துவது மருத்துவமும் அன்று, நற்செய்தியும் அன்று.

யோபுவின் நண்பர்களை நினைத்துப் பாருங்கள். ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் அமர்ந்து ஒன்றும் பேசாதிருந்தவரையில் அவர்கள் நல்ல நண்பர்களாக இருந்தனர். வாய் திறந்து அவருடைய பாவத்தைத் தேடத் தொடங்கியபோதுதான் தவறினர். பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கால் வருந்தி, மருத்துவர் பலரிடம் சொத்தையெல்லாம் இழந்த பெண்ணையும் நினைத்துப் பாருங்கள். தொட்டவுடன் அவள் குணமாகிவிட்டாள். ஆயினும் இயேசு நடையை நிறுத்துகிறார். அவள் நடுங்கியவாறு தன் முழுக் கதையையும் சொல்லும்வரை, கூட்டத்தின் நெரிசலையும் யாயீரின் அவசரத்தையும் பொருட்படுத்தாது கேட்கிறார். அதன்பின்னரே 'மகளே' என்று அழைத்து அனுப்புகிறார். கேட்கப்படுவதும் குணமடைதலின் ஒரு பகுதி என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மறுப்புகளும் விடைகளும்

'அப்படியானால் எல்லா வலிக்கும் மனக்காயமே காரணமா?' என்று கேட்கலாம். இல்லை. முதுகெலும்பில் காசநோய் வரலாம், புற்றுநோய் வரலாம், வட்டு விலகலாம். எனவே முதலில் முறையான உடற்பரிசோதனை வேண்டும். வலி என்று வந்தவரையெல்லாம் 'உனக்கு என்ன மனக்காயம்?' என்று குடைவதும் இன்னொரு வகை நம்பாமையே. மனக்காயமின்றி வரும் நாட்பட்ட வலியும் உண்டு. வலியின்றி வரும் மனக்காயமும் உண்டு.

'நம்பத் தொடங்கினால் எல்லாரும் விடுப்புக்காக நடிப்பார்களே' என்கின்றனர் ஆலை நிர்வாகத்தினர். நூற்றில் ஓரிருவர் நடிக்கக்கூடும். அவர்களைப் பிடிப்பதற்காக மற்றவரையெல்லாம் பொய்யராக்குவது எந்த அறம்? நாள் சம்பளம் பிடிக்கப்படும் ஒப்பந்தத் தொழிலாளி நடித்து அடையும் ஊதியம்தான் என்ன?

'அப்படியானால் நடந்ததையெல்லாம் தோண்டி எடுத்துப் பேசவைத்தால் சரியாகிவிடுமா?' என்று கேட்போரும் உளர். எச்சரிக்கை தேவை. விபத்து நடந்தவுடன் எல்லாரையும் ஒரே அமர்வில் அழைத்து நடந்ததை விவரிக்கச் சொல்லும் முறை பயன் தருவதில்லை, சிலருக்குத் தீங்கும் விளைக்கலாம் என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. சொல்ல விரும்புகிறவர், விரும்பும்போது, விரும்பும் அளவே சொல்லட்டும். கேட்கிறவரின் வேலை தோண்டுவதன்று, காத்திருப்பது.

இனி வேண்டுவன

வாரந்தோறும் கிளினிக்கில் வலிக்கு ஊசி போட்டுக்கொள்வதும், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையைத் தொடர்ந்து விழுங்குவதும் நிற்க வேண்டும். அவை இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நுட்பமாகத் திருகப்பட்ட எச்சரிக்கை மணியைச் சரிசெய்யா. சிறுகச் சிறுகக் கூட்டும் உடற்பயிற்சி, சீரான உறக்கம், தம் வலி எவ்வாறு உண்டாகிறது என்னும் விளக்கம், மனக்காயத்துக்குப் பயிற்சி பெற்றோர் அளிக்கும் உளமருத்துவம் ஆகியவை இணையும்போதே பலருக்கு வலி தணிகிறது. முற்றும் நீங்கும் என்று யாரும் வாக்களிக்க முடியாது. ஆனால் வலியோடும் வாழ முடிகிற வாழ்வு திரும்புகிறது.

இவ்வுதவிகள் தொலைவில் இல்லை. பெங்களூரின் ஓசூர்ச் சாலையிலேயே நிம்ஹான்ஸ் இருக்கிறது. 2022 முதல் கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அதே ஆண்டில் தொடங்கப்பட்ட அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்கும் உடல்நோய்க்கு ஈடாகக் காப்பீடு வழங்க வேண்டும் என்கிறது. இவற்றை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்குப் பங்குப் பேரவைக்கு எவ்வளவு செலவாகும்?

நம் கோரிக்கைகள் பெரியவை அல்ல. குணமளிக்கும் கூட்டம் நடத்துவோர், குணமாகாதவர்மேல் பழி சுமத்தும் பேச்சை நிறுத்தட்டும். மருந்தையும் சிகிச்சையையும் விட்டுவிடச் சொல்லும் எவருக்கும் ஆலய வளாகத்தில் இடம் தரவேண்டாம். பெண்கள் அச்சமின்றி வந்து பேசுவதற்குப் பயிற்சி பெற்ற சகோதரி ஒருவரோ, பொதுநிலைப் பெண் ஒருவரோ ஒவ்வொரு பங்கிலும் இருக்கட்டும். எலத்தகிரி, கந்திகுப்பம் போன்ற பழம்பெரும் பங்குகளிலிருந்து சிப்காட்டின் புதுக் குடியிருப்புகள் வரை இது இயலாத காரியமன்று. அடி வாங்கியவள் பேசிவிட்டால், அடித்தவனோடு சமாதானமாகப் போகச் சொல்லி அவளை அதே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அச்சம் தொடரும் இடத்தில் எந்த மருந்தும் வேலை செய்யாது. ஆலைகளில் பொறுப்பில் உள்ள நம் மக்கள், கழற்றி வைத்த பாதுகாப்புக் கருவியை முதலில் மாட்டட்டும். வலிக்கிறது என்று வரும் தொழிலாளியை மருத்துவரிடம் அனுப்பட்டும்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம் பழமொழி. நமக்கு வரும்வரை காத்திராமல், பிறருக்கு வந்ததையும் தெரிந்துகொள்ள முடியுமானால்தான் நாம் ஒரே உடலின் உறுப்புகள் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. இந்த வாரம் உங்கள் அன்பியத்தில், அடுத்த வீட்டில், உங்கள் வீட்டிலேயேகூட, 'இன்னமுமா வலிக்கிறது?' என்று எல்லாரும் சலித்துக்கொள்ளும் ஒருவர் இருப்பார். அவரிடம் போங்கள். ஸ்கேன் தாளைக் கேட்காதீர்கள். 'உங்களுக்கு வலிக்கிறது என்பதை நான் நம்புகிறேன்' என்று சொல்லுங்கள். அதன்பின் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போவதற்கு ஒரு நாள் விடுப்பு எடுங்கள்.